இரவில் ஒளிரும் விசைப்பலகை: விளையாட்டுக்கும் தட்டச்சுக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கோலார் தங்கவயல்: கணினி விளையாட்டில் ஆர்வமுள்ள மாணவரும், தேர்வுக்காகத் தட்டச்சுப் பயிலும் இளைஞரும், இரவு நேரத்தில் வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு அல்லது தரவுப் பதிவுப் பணி செய்வோரும் இன்று ஒரே பொருளைத் தேடிக் கடைக்குச் செல்கின்றனர். அது பின்னொளி கொண்ட கணினி விசைப்பலகை. வண்ண விளக்குகளைப் பார்த்து வாங்கிய பலகை, சில வாரங்களிலேயே வீட்டாரின் தூக்கத்தைக் கெடுப்பதும், தமிழ்த் தட்டச்சுக்கு உதவாமல் போவதும் உண்டு. வாங்குவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டியவை இங்குத் தொகுத்துத் தரப்படுகின்றன.

கோலார் தங்கவயலுக்கு இந்தக் கேள்வி சற்றுக் கூடுதலாகவே பொருந்தும். காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து, 1902 ஆம் ஆண்டிலேயே இங்குள்ள சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பின், இந்நகரத்தின் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த பலர் நாள்தோறும் ரயிலில் பெங்களூரு சென்று பணிபுரிந்து திரும்புகின்றனர். தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட லைன் வீடுகள் சிறியவை. ஒரே அறையில் ஒருவர் உறங்க, மற்றொருவர் கணினியில் பணியாற்ற வேண்டிய நிலை அங்கே இயல்பானது. விளக்கை அணைத்துவிட்டுத் தட்டச்சு செய்ய வேண்டியிருப்பதால் பின்னொளி தேவைப்படுகிறது. அதே காரணத்தால் ஓசையற்ற விசைகளும் தேவைப்படுகின்றன.

பின்னொளி: வண்ணத்தைவிட முக்கியமானவை

பின்னொளிப் பலகைகள் இருவகைப்படும். ஒரே நிறத்தில், பெரும்பாலும் வெள்ளையில், ஒளிர்பவை ஒரு வகை. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் கலந்து எந்த நிறத்தையும் காட்டும் ஆர்.ஜி.பி. பலகைகள் மற்றொரு வகை. சில மலிவு விலைப் பலகைகளில் வானவில் நிறங்கள் நிலையாக இருக்கும். அவற்றை மாற்ற இயலாது. விளம்பரத்தில் இவை ஆர்.ஜி.பி. பலகை போலவே தோற்றமளிக்கும் என்பதால், நிறத்தை மாற்றும் வசதி உண்டா என்பதைக் கேட்டறிவது நல்லது.

ஆயினும் நிறத்தைவிட முதலில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஒளியின் அளவைக் குறைக்கும் வசதி. இருட்டறையில் மங்கிய ஒளியே போதுமானது. முழு ஒளி கண்ணைக் கூசச் செய்யும். இரண்டாவது, எழுத்துகளின் ஊடாக ஒளி வருகிறதா என்பது. சில பலகைகளில் விசைகளின் இடைவெளிகளில் மட்டுமே ஒளி கசியும். எழுத்து இருளிலேயே இருக்கும். மூன்றாவது, ஒளி உமிழும் இருமுனையம், அதாவது எல்.இ.டி., விசையின் எப்பக்கத்தில் உள்ளது என்பது. அது மேற்பக்கத்தில் இருந்தால் விசையின் மேற்பாதியில் உள்ள எழுத்து நன்கு ஒளிரும். கீழ்ப்பாதியில் அச்சிடப்பட்ட குறிகள் மங்கலாகவே தெரியும்.

விசைமூடிகளின் பொருளும் கவனிக்கத்தக்கது. ஏ.பி.எஸ். நெகிழியால் ஆனவை நாளடைவில் விரல் பட்டுப் பளபளப்பாகும். பி.பி.டி. நெகிழி அவ்வாறு எளிதில் தேய்வதில்லை. எழுத்து மேற்பரப்பில் வண்ணமாகப் பூசப்பட்டதா, அல்லது இரு நெகிழிகளை இணைத்து வார்க்கப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். ‘டபுள் ஷாட்’ எனப்படும் இரண்டாவது முறையில் எழுத்து அழிவதே இல்லை.

தமிழ் எழுத்துக்கு ஒளி உண்டா?

இந்தியச் சந்தையில் கிடைக்கும் பலகைகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துகளை மட்டுமே தாங்கியுள்ளன. எனவே பின்னொளியில் தெரிவது ஆங்கில எழுத்துதான். தமிழ் எழுத்துகள் அச்சிட்ட ஒட்டுத்தாள்களை விசைகளின்மீது ஒட்டினால், ஒளி வரும் வழி அடைபட்டுவிடும். ஒட்டியே ஆக வேண்டும் என்போர், ஆங்கில எழுத்தை மறைக்காத, ஒளி ஊடுருவும் தாள்களைத் தேட வேண்டும்.

இதற்கு நிலையான தீர்வு, பார்க்காமல் தட்டச்சு செய்யப் பழகுவதே. 1999 ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 அமைப்பு இதற்கு ஏற்றது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும், மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கத்திலும் அமைந்துள்ளன. ஆங்கில எஃப், ஜே விசைகளில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடு இருக்கும். தமிழ்99 முறையில் எஃப் விசை ஆய்த எழுத்தையும் புள்ளியையும், ஜே விசை ‘ப’ எழுத்தையும் தருகிறது. இவ்விரு மேடுகளையும் விரல் கண்டுகொண்டால் மற்ற எழுத்துகளின் இடம் தானாகப் பழகிவிடும். ‘அம்மா’ என எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டல்கள் போதும்; இடையிலுள்ள புள்ளியை மென்பொருளே இட்டுக்கொள்ளும்.

தமிழோடு கன்னடமும் தட்டச்சு செய்ய வேண்டியவர்கள் தங்கவயலில் பலர். அவர்கள் இன்ஸ்கிரிப்ட் அமைப்பையும் கருத்தில் கொள்ளலாம். இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வடிவமைக்கப்பட்ட இம்முறையில், ஒரே ஒலியுடைய எழுத்து எல்லா மொழிகளிலும் ஒரே விசையில் இருக்கும். தமிழ் ‘க’ எழுத்துக்குரிய கே விசையே கன்னட ‘க’ எழுத்துக்கும் உரியது. ஒருமுறை பழகினால் இரு மொழிகளுக்கும் பயன்படும்.

அளவைக் குறைக்கும்போது எச்சரிக்கை தேவை

முழு அளவுப் பலகையில் 104 விசைகள் இருக்கும். வலப்புற எண் பகுதி நீக்கப்பட்ட பலகையில் 87 விசைகள் இருக்கும். அம்பு விசைகளும் மேல்வரிசைச் செயல் விசைகளும் நீக்கப்பட்ட சிறு பலகையில் ஏறத்தாழ 61 விசைகளே இருக்கும். பலகை சிறிதானால் மேசையில் எலிக்கருவியை நகர்த்த இடம் கூடும். அதனால் விளையாட்டாளர்கள் சிறு பலகைகளை விரும்புகின்றனர்.

தமிழ்த் தட்டச்சாளர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் நிறுத்தற்குறிகளுக்கென ஒதுக்கப்பட்ட விசைகள் தமிழ்99 முறையில் எழுத்துகளைத் தாங்குகின்றன. சதுர அடைப்புக்குறிகளின் விசைகளில் ‘ச’, ‘ஞ’ எழுத்துகளும், அரைப்புள்ளி விசையில் ‘ந’ எழுத்தும், அதற்கடுத்த மேற்கோள் விசையில் ‘ய’ எழுத்தும், சாய்கோட்டு விசையில் ‘ழ’ எழுத்தும் உள்ளன. சில சிறு பலகைகளில் மேல்நோக்கிய அம்பு விசையும் சாய்கோட்டு விசையும் ஒன்றாகவே அமைக்கப்பட்டிருக்கும். அம்பு முன்னிலையில் இருக்குமாறு வைக்கப்பட்ட பலகையில் ‘தமிழ்’ என்ற சொல்லையே நேரடியாகத் தட்டச்சு செய்ய முடியாது. ஆங்கிலத்தில் அரிதாகப் பயன்படும் விசை என்று வடிவமைப்பாளர் கருதியது, தமிழில் இன்றியமையாத விசையாக இருக்கிறது.

தரவுப் பதிவுப் பணி செய்வோர் எண் பகுதி உள்ள முழு அளவுப் பலகையையே வாங்குவது சிறந்தது. கட்டுரை எழுதுவோருக்கும் விளையாட்டாளருக்கும் 87 விசைப் பலகை நடுவழியாக அமையும்.

விசையின் உள்ளே இருப்பது என்ன?

விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் விசையின் உள்ளமைப்பே. அது மூவகைப்படும்.

முதல் வகை சவ்வுப் பலகை. விசைகளின் அடியில் ரப்பர் குமிழ்கள் கொண்ட விரிப்பு இருக்கும். விசையை அடிவரை அழுத்தினால்தான் எழுத்து பதிவாகும். விலை குறைவு, ஓசையும் குறைவு. பழுதடைந்தால் தனி விசையை மாற்ற இயலாது.

இரண்டாம் வகை மெக்கானிக்கல் பலகை. ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிட்சு உண்டு. ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் உருவாக்கிய எம்.எக்ஸ். சுவிட்சே இன்றைய பெரும்பாலான சுவிட்சுகளுக்கு முன்மாதிரி. அதன் காப்புரிமை காலாவதியான பிறகு, கேட்டரான், கைல் முதலிய நிறுவனங்கள் அதே வடிவில் தயாரிக்கத் தொடங்கின, விலையும் குறைந்தது. இச்சுவிட்சு மொத்தம் 4 மில்லிமீட்டர் கீழிறங்கும். ஏறத்தாழ 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாகிவிடும்.

சுவிட்சுகள் நிறத்தால் அறியப்படுகின்றன. சிவப்பு, தடையின்றி ஒரே சீராக இறங்கும். செர்ரி நிறுவனக் கணக்கில் அதற்கு 45 சென்டிநியூட்டன் விசை தேவை. பழுப்பு, பதிவாகும் இடத்தில் விரலுக்குச் சிறு தடையைக் காட்டும், 55 சென்டிநியூட்டன். நீலம், அத்தடையோடு ‘க்ளிக்’ என்ற ஓசையையும் எழுப்பும்; 60 சென்டிநியூட்டன். ஒரு சென்டிநியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிராம் எடைக்குச் சமம். மற்ற நிறுவனங்களின் சுவிட்சுகளில் இவ்வளவுகள் சற்று மாறுபடலாம்.

மூன்றாம் வகை காந்தச் சுவிட்சுப் பலகை. விசையில் உள்ள காந்தம் எவ்வளவு நெருங்கி வருகிறது என்பதை ஹால் விளைவு உணரி அளக்கிறது. எத்தனை ஆழத்தில் எழுத்து பதிவாக வேண்டும் என்பதைப் பயனரே அமைத்துக்கொள்ளலாம். மின்தொடர்புப் பகுதிகள் உரசாததால் தேய்மானம் மிகக் குறைவு. அதிவேக விளையாட்டுகளுக்கு இது பெரிதும் உதவும். தட்டச்சுக்கு மட்டும் வாங்குவோருக்கு இந்தக் கூடுதல் செலவு தேவையற்றது. பதிவாகும் ஆழத்தை மிகக் குறைவாக வைத்தால், விரல் ஓய்வாகப் பட்டாலே எழுத்து விழுந்துவிடும்.

ஓசை: வீட்டாரையும் கேட்க வேண்டிய கேள்வி

நீலச் சுவிட்சின் ஓசை தட்டச்சு இயந்திரத்தை நினைவூட்டுவதால் பலருக்கும் பிடிக்கும். ஆனால் சிறிய வீட்டில் அருகில் ஒருவர் உறங்கும்போது அது பொருந்தாது. விடியற்காலை ரயிலுக்கு எழ வேண்டியவர் உள்ள வீட்டில், விளக்கை அணைத்து ஒளிப்பலகையைப் பயன்படுத்துவதன் நோக்கமே இந்த ஓசையால் வீணாகும். அத்தகையோர் சிவப்பு அல்லது பழுப்புச் சுவிட்சை, அதிலும் ‘சைலன்ட்’ எனக் குறிக்கப்பட்ட வகையைத் தேர்ந்தெடுக்கலாம். நல்ல சவ்வுப் பலகையும் இந்நிலையில் தாழ்ந்த தேர்வன்று. பலகையின் அடியில் தடித்த துணி விரிப்பை இடுவது ஓசையை மேலும் குறைக்கும்.

விளையாட்டுக்கு வேண்டியவை

விளையாட்டில் ஒரே நேரத்தில் பல விசைகளை அழுத்த வேண்டிவரும். ஓடுவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று, தாவுவதற்கு ஒன்று எனச் சேர்த்து அழுத்தும்போது, மலிவான பலகைகளில் ஒரு விசை பதிவாகாமல் போகும். விசைகள் குறுக்கு நெடுக்கான கம்பி வலையில் இணைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். எத்தனை விசைகளை ஒன்றாக அழுத்தினாலும் அனைத்தும் பதிவாகும் தன்மை ‘என்-கீ ரோல்ஓவர்’ எனப்படுகிறது. கடையிலேயே இதைச் சோதிக்கலாம்: இரு ஷிஃப்ட் விசைகளையும் அழுத்திப் பிடித்தபடி மற்ற எழுத்துகளைத் தட்டிப் பாருங்கள். திரையில் எழுத்துகள் விடுபட்டால் அப்பலகை விளையாட்டுக்கு உகந்ததன்று.

‘போலிங் ரேட்’ என்பது, பலகை ஒரு விநாடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தகவல் அனுப்பும் என்பதைக் குறிக்கிறது. 125 ஹெர்ட்ஸ் எனில் 8 மில்லிவிநாடிக்கு ஒருமுறை; 1,000 ஹெர்ட்ஸ் எனில் ஒரு மில்லிவிநாடிக்கு ஒருமுறை; 8,000 ஹெர்ட்ஸ் எனில் 0.125 மில்லிவிநாடிக்கு ஒருமுறை. பணியாளர் தேர்வாணையத்தின் கீழ்நிலை எழுத்தர் பணிக்கான திறன் தேர்வில் ஆங்கிலத் தட்டச்சுக்கு மணிக்கு 10,500 விசைத் தட்டல்கள் கேட்கப்படுகின்றன. அந்த வேகத்திலும் இரு தட்டல்களுக்கு இடையே ஏறத்தாழ 340 மில்லிவிநாடி இடைவெளி உள்ளது. எனவே தட்டச்சாளருக்கு 125 ஹெர்ட்ஸே போதுமானது. விளையாட்டாளருக்கு 1,000 ஹெர்ட்ஸ் நிறைவளிக்கும்.

போட்டி விளையாட்டாளர்கள் விதிகளையும் அறிந்திருக்க வேண்டும். எதிரெதிர்த் திசை விசைகளைப் பலகையே தானாகக் கையாளும் ‘ஸ்னாப் டேப்’ போன்ற வசதிகளை, ‘கவுண்ட்டர் ஸ்ட்ரைக் 2’ விளையாட்டின் அதிகாரப்பூர்வ வழங்கிகளில் வால்வ் நிறுவனம் 2024 ஆகஸ்ட் மாதம் தடை செய்தது. கூடுதல் பணம் கொடுத்துப் பெற்ற வசதியே ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படக் காரணமாகலாம்.

இன்னொரு சிறு சிக்கலும் உண்டு. விளையாட்டுப் பலகைகள் பலவற்றில், தவறுதலாக அழுத்தப்படாமல் இருக்க விண்டோஸ் விசையை முடக்கும் ‘கேம் மோட்’ உள்ளது. அது இயங்கும்போது, விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறும் வழி செயல்படாது. பலகை பழுதாகிவிட்டது எனக் கருதும் முன், அந்த முடக்கத்தை நீக்கிப் பார்க்க வேண்டும்.

எத்தனை காலம் உழைக்கும்?

சவ்வு விசைகள் பொதுவாக 50 இலட்சம் முதல் ஒரு கோடி தட்டல்கள் வரையிலும், மெக்கானிக்கல் சுவிட்சுகள் 5 கோடி அல்லது அதற்கு மேலும் உழைக்கும் எனத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகின்றனர். இதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒருவர் மணிக்கு 10,500 தட்டல்கள் வீதம் நாளொன்றுக்கு 8 மணி நேரம் தட்டினால் 84,000 தட்டல்கள் ஆகும். அவற்றில் பத்தில் ஒரு பங்கு ஒரே விசையில் விழுவதாகக் கொண்டால், அவ்விசைக்கு நாள்தோறும் 8,400 தட்டல்கள். ஆண்டுக்கு 300 பணிநாட்கள் எனில், 50 இலட்சம் தட்டல்கள் தாங்கும் சவ்வு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளிலும், 5 கோடி தாங்கும் சுவிட்சு ஏறத்தாழ இருபது ஆண்டுகளிலும் தன் எல்லையை எட்டும். இடைவிடாது தட்டுவோர் அரிது என்பதால் உண்மையில் காலம் இன்னும் நீளும். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயன்படுத்துவோருக்குச் சவ்வுப் பலகையே பல ஆண்டுகள் போதும் என்பதும் இக்கணக்கிலிருந்து தெளிவாகிறது.

‘ஹாட் ஸ்வாப்’ வசதியுள்ள மெக்கானிக்கல் பலகையில், பழுதான சுவிட்சைப் பற்றவைப்பின்றிப் பிடுங்கி வேறொன்றைச் செருகலாம். பழுது பார்க்கப் பெங்களூரு வரை செல்ல வேண்டியவருக்கு இது பெரும் வசதி.

கம்பியா, கம்பியில்லாததா?

கம்பியில்லாப் பலகையில் பின்னொளிதான் மின்கலத்தை விரைவில் தீர்ப்பது. ஒளியின்றி வாரக்கணக்கில் இயங்கும் பலகை, முழு ஒளியில் சில நாட்களே தாங்கக்கூடும். விளம்பரத்தில் கூறப்படும் காலம் ஒளியுடனா, ஒளியின்றியா என்பதைப் பார்க்க வேண்டும். கம்பியுள்ள பலகைக்கு இக்கவலை இல்லை; யூ.எஸ்.பி. வழியாகவே மின்சாரம் கிடைக்கும். கம்பி பலகையிலிருந்து கழற்றக்கூடியதாக இருந்தால், அது அறுந்தாலும் பலகை வீணாகாது.

கடையில் செய்ய வேண்டியவை

சவ்வுப் பலகைகள் சில நூறு ரூபாயிலும், மெக்கானிக்கல் பலகைகள் சுமார் 2,000 ரூபாயிலும் தொடங்குகின்றன. காந்தச் சுவிட்சுப் பலகைகளுக்கு அதைவிடக் கூடுதலாகும். இயன்றால் நேரில் தொட்டுப் பார்த்து வாங்குவதே நன்று. பெங்களூருவில் எஸ்.பி. சாலையும், சென்னையில் ரிச்சி தெருவும் கணினிப் பொருட்களுக்குப் பெயர்பெற்றவை.

கடையில் பலகையைக் கணினியுடன் இணைத்து, எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். கையால் மறைத்து நிழலுண்டாக்கி, எழுத்துகள் சீராக ஒளிர்கின்றனவா எனக் காணுங்கள். இடைவெளி விசை, ஷிஃப்ட், என்டர் ஆகிய நீண்ட விசைகளின் ஓரங்களை அழுத்தி, அவை சிக்காமல் இறங்குகின்றனவா, சலசலக்கின்றனவா எனச் சோதியுங்கள். ‘தமிழ்’, ‘ஞாயிறு’, ‘நெஞ்சம்’ ஆகிய சொற்களைத் தட்டினால், சிறு பலகையில் தமிழ் எழுத்துகள் உரிய இடத்தில் உள்ளனவா என்பது உடனே புலப்படும்.

மின்னணுப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை 2012 இல் வெளியானபோதே கம்பியில்லா விசைப்பலகைகள் அதன் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண் இருக்க வேண்டும். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணை இட்டு உண்மைத்தன்மையைச் சரிபார்க்கலாம்.

விலைப்பட்டியலைத் தவறாமல் பெற வேண்டும். பழுதான பொருளை மாற்றித் தர விற்பனையாளர் மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்குபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். பெங்களூருவிலோ இணையத்திலோ வாங்கியிருந்தாலும், தங்கவயலில் வசிப்பவர் கோலார் மாவட்ட ஆணையத்தையே அணுக முடியும். 5 இலட்சம் ரூபாய் வரையிலான பொருட்களுக்குப் புகார்க் கட்டணம் இல்லை.

சுருக்கமாக

தட்டச்சு மட்டும் எனில்: வெள்ளைப் பின்னொளி, பழுப்புச் சுவிட்சு அல்லது தரமான சவ்வு, நிறுத்தற்குறி விசைகள் அனைத்தும் தனித்தனியே உள்ள பலகை.

விளையாட்டு மட்டும் எனில்: என்-கீ ரோல்ஓவர், 1,000 ஹெர்ட்ஸ், சிவப்பு அல்லது காந்தச் சுவிட்சு, கம்பி இணைப்பு.

இரண்டுக்கும் ஒன்றே எனில்: 87 விசைகள், ஓசை குறைந்த சிவப்பு அல்லது பழுப்புச் சுவிட்சு, ஒளியளவைக் குறைக்கும் வசதி, டபுள் ஷாட் விசைமூடிகள், ஹாட் ஸ்வாப்.

கையிலுள்ள பணம் குறைவெனில், முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது வண்ண விளக்குகளையே. எழுத்து தெளிவாகத் தெரிவதற்கு ஒரே நிறம் போதும். மீதமாகும் தொகையை நல்ல சுவிட்சுக்குச் செலவிடுவது நெடுநாள் பயன் தரும்.